ரத்தம் சொன்னதும் சதை சொன்னதும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். இரண்டு தடவை புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தின் மேலே சிலுவை போட்டுவிட்டு, அடுத்த வரி வராமல் மூடி வைத்தேன். இரண்டையும் பேத்திகள் படம் வரைந்தே தீர்த்துவிட்டார்கள். காரணம் வெட்கம்தான். ஆம்பளைகளின் அடிவயிற்றுச் சமாச்சாரம் இது. கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து செபமாலை சொல்கிறவன் இதைப் போய் எழுதிவிட்டால், மறுநாள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? வேறு ஒரு காரணமும் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் முதல் பாதி. எனக்கு ஐம்பத்தாறு வயது. மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர் வேலை. செல்லூரில் வீடு. இரண்டு பக்கமும் தறி ஓடுகிற சந்து. சத்தமாகப் பேசினால்தான் வீட்டுக்குள்ளேயே காது கேட்கும்.

பள்ளிக்கூடத்தில் நாற்பது நிமிஷத்துக்கு ஒரு மணி அடிக்க வேண்டும். அந்த நாற்பது நிமிஷத்தை என்னால் தாங்க முடியாமல் போனது. முட்டிக்கொண்டு வரும். போய் நின்றால் வராது. சொட்டுச் சொட்டாக வந்து நின்றுவிடும். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி முட்டும். ஒருநாள் அங்கேயே நின்றுகொண்டிருந்ததில் கணக்குப் பீரியட் பத்து நிமிஷம் நீண்டுவிட்டது. டிரில் மாஸ்டர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"அண்ணே, மணியைக் கழட்டி அங்கனயே கட்டித் தரச் சொல்லட்டா? நின்ன இடத்துல இருந்தே அடிச்சிரலாம்ல."

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. மறுநாளே மூத்த மாப்பிள்ளைக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

மாப்பிள்ளை ஒரு ஆபீசில் கிளார்க். தங்கமான மனிதர். ஆனால் மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால், மாமனார் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டுதான் 'வாங்க' என்பார். கல்யாணம் முடிந்த ஆறு வருஷத்தில் அவர் முன்னால் நான் வெற்று மேலோடு நின்றது கிடையாது. அப்படிப்பட்டவரோடு ஒன்றுக்குப் போவதைப் பற்றிப் பேச டாக்டர் வீட்டுக்குப் போகிறோம் என்றால் எப்படி இருந்திருக்கும், நீங்களே நினைத்துப் பாருங்கள். பஸ்ஸில் அவர் முன் சீட்டிலும் நான் பின் சீட்டிலும் உட்கார்ந்துகொண்டோம்.

டாக்டர் மாப்பிள்ளையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி ஆம்பளைகளுக்கு மட்டும் மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிறது, வயதானால் அது பெருத்துக் குழாயை நெருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். அப்புறம் கையுறை மாட்டிக்கொண்டு என்னைச் சரித்துப் படுக்கவைத்துப் பின்பக்கமாக விரல் விட்டுப் பார்த்தார். நான் மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' தொடங்கினேன். பாதியில் மறந்துபோனது. ஐம்பது வருஷமாகச் சொல்கிற செபம்.

எழுந்து சுவரைப் பார்த்து நின்று வேட்டியைக் கட்டினேன். டாக்டர் பின்னால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மாப்பிள்ளை சீட்டைப் படித்தார். "ரத்தப் பரிசோதனை எழுதியிருக்காரு மாமா. எனக்கு இன்னைக்கு மட்டுந்தான் லீவு. இப்பவே குடுத்துட்டுப் போயிருவோம்."

நானும் தலையாட்டினேன்.

லேப் ஒரு சந்துக்குள் இருந்தது. ஒரே பெஞ்சு. இரண்டு பெண்கள், ஒரு கிழவர், அவர்களை ஒட்டி என் பையை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை. லேப்காரர் தடித்த கண்ணாடி போட்ட ஆள். சீட்டைப் பார்த்ததும் பேரேட்டைத் திறந்துகொண்டு, 'காப்பி குடிச்சாச்சா' என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"டாக்டர் இன்னைக்குப் பின்னாடி விரல் விட்டுப் பாத்தாரா?"

பெஞ்சில் இருந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

"இல்ல" என்றேன்.

"நேத்து, முந்தாநாளு?"

"இல்லைங்க."

"சரி, கையை நீட்டுங்க."

அவர் பேரேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். ஊசி வலிக்கக்கூட இல்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

அது ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற சோதனை. இந்தச் சுரப்பியில் புற்று வந்தால் அந்தச் சரக்கு ரத்தத்தில் கூடும் என்று அப்போது அதைத்தான் பார்ப்பார்கள். இப்போது புதிதாக வேறு சோதனை வந்திருக்கிறதாம். அந்த லேப்பில் இதை வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் சனியும்தான் போடுவார்கள். அதுவரை ரத்தத்தில் தெளிந்ததை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார்கள். அதனால் ரிசல்ட் சீட்டில் ரத்தம் எடுத்த நாள் இல்லை, சோதனை போட்ட சனிக்கிழமைதான் இருந்தது.

டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையையும் உள்ளே கூப்பிட்டார். மூடி மறைக்கிற மனிதர் இல்லை.

"இருக்க வேண்டியதுக்கு மூணு மடங்குக்கு மேல இருக்கு. அன்னைக்குக் கையில பாத்தப்பவே ஒரு பக்கம் கொஞ்சம் கெட்டியாத்தான் தெரிஞ்சுது. ரெண்டும் சேர்ந்தா புத்தா இருக்கும்னுதான் சந்தேகப்படணும். சுரப்பியை எடுத்திருவோம். மூத்திரம் போக வழி வேணும்ல. அதோட விதையையும் எடுத்துட்டா இந்தப் புத்து அடங்கும். இதுக்கு இப்ப இருக்கிற வைத்தியம் அதுதான். ஒரே மயக்கத்துல ரெண்டையும் முடிச்சிரலாம்."

மாப்பிள்ளை என் தோளில் கை வைத்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

மறுநாள் இங்கிலீஷில் டைப் அடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரண்டு வரி. முதல் வரி சுரப்பியை எடுக்க, இரண்டாவது வரி விதையை எடுக்க. கீழே கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கையெழுத்து மட்டும் அழகாக வரும் என்று பள்ளிக்கூடத்தில் பேர். அன்று அதுவும் கோணிப்போனது. ஆபரேஷன் அடுத்த வாரம் புதன்கிழமை என்று குறித்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். அவள் அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"நாலு பிள்ளை பெத்தாச்சு. இனி அது இருந்தா என்ன, போனா என்ன. நீங்க இருந்தாப் போதும்."

சொல்லிவிட்டு நறுக்கின கத்தரிக்காயையே மறுபடி பொடிப்பொடியாக நறுக்கினாள். அன்றைக்குக் குழம்பில் காய் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

எனக்குச் சாவு பயம் இருந்தது, இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். அதைவிட அந்த இரண்டாவது வரி என்னைப் போட்டு வதைத்தது. மாட்டுக்குச் செய்கிறதைத்தானே மனுஷனுக்கும் செய்யப்போகிறார்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆண்டவர் கொடுத்த உடம்பு, அவருக்கே அது வேண்டாமென்றால் நான் யார் என்று சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

எங்களில் ஆபரேஷனுக்குப் போகிறவன் அதற்கு முன்னால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணையை, அதாவது நன்மை, வாங்கிக்கொள்வது வழக்கம். கத்தி பட்டு எழுந்திருக்காமல் போனால் கணக்கு நேராக இருக்க வேண்டும் இல்லையா. சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய் வரிசையில் நின்றேன். பாவம் கேட்கிற கூண்டுக்குள் இருந்தது எங்கள் கோயிலின் சின்னச் சாமியார், உதவிப் பங்குச்சாமி. என் இளைய மகன் வயசுதான் இருக்கும். வலைக்கு இந்தப் பக்கம் முழங்கால் போட்டு, வழக்கமான பாவங்களைச் சொன்னேன். கோபப்பட்டது, செபத்தில் பராக்கு, மனைவியைக் கடிந்து பேசினது. இது கடைசிப் பாவசங்கீர்த்தனமாக இருக்குமோ என்று தோன்றியதால், சின்னதையெல்லாம் தோண்டி எடுத்தேன். அப்போதுதான் அந்த 'இல்ல' ஞாபகத்துக்கு வந்தது.

"ஒரு லேப்ல பொய் சொன்னேன் சாமி. டாக்டர் பண்ணின ஒரு பரிசோதனையைப் பண்ணலைன்னு சொல்லிட்டேன். பக்கத்துல மாப்பிள்ளை இருந்தாரு. வெக்கமாப் போச்சு."

"அதனால யாருக்கு என்ன கெடுதல்?"

"யாருக்கும் இல்ல சாமி. வெறும் பேச்சுதான்."

"யாருக்கும் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டவர் காரணம் இல்லாமலா கேட்டிருப்பாரு?"

நான் செபமாலை மணியை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"யார்கிட்டப் பொய் சொன்னீங்களோ, அவர்கிட்டயே போய்த் திருத்திச் சொல்லணும். ஆபரேஷனுக்கு முன்னாடியே. அதுதான் அபராதம்."

"சாமி, அதுக்குப் பதிலா அம்பது செபமாலை சொல்லிர்றேனே."

"அம்பது செபமாலையைவிட இது லேசு. நாலு வார்த்தை. போங்க."

திங்கட்கிழமை காலை தனியாகப் போனேன். நல்லவேளை, பெஞ்சில் யாரும் இல்லை. லேப்காரர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று மனப்பாடம் பண்ணிவைத்ததை ஒப்பித்தேன். அன்றைக்கு நீங்கள் கேட்டது நடந்தது, அதே காலையில்தான், நான் மாற்றிச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவர் கையில் இருந்த இட்லித் துண்டைத் தட்டில் போட்டார்.

"ஏண்ணே, அன்னைக்குக் கேட்டப்ப வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"வெக்கமாயிருச்சுங்க."

"வெக்கம். நான் என்ன பொழுதுபோகாமயா கேட்டேன்? அந்தச் சுரப்பியை அமுக்கிப் பாத்தா, அதுக்குள்ள இருக்குறது ரத்தத்துல கலந்துரும். அன்னைக்கு எடுத்தா நல்லா இருக்கவனுக்கும் கூடத்தான் காட்டும். மூணு நாளாவது ஆறவிட்டுத்தான் எடுக்கணும். அதுக்குத்தானே கேட்டு எழுதுறது. அந்த ரிசல்ட்டை வச்சு இப்ப உங்களுக்கு என்ன பண்ணப் போறாக?"

சொன்னேன். இரண்டாவது வரி வரைக்கும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அதுக்கப்புறம் யாரும் தொட்டுப் பாக்கலையே? இப்பவாவது உள்ளதைச் சொல்லுங்க."

"மாதா மேல ஆணையா இல்லைங்க."

"ஆணையெல்லாம் எனக்கு வேண்டாம். இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க."

"இல்லைங்க."

அங்கேயே ரத்தம் எடுத்தார். ஒரு துண்டுத்தாளில் டாக்டருக்கு எழுதிக் கொடுத்து, "நேரா அங்கதான் போகணும், எங்கயும் நிக்கக் கூடாது" என்றார். பள்ளிக்கூடப் பையனை அனுப்புகிற மாதிரி அனுப்பினார். நானும் அப்படித்தான் ஓடினேன்.

டாக்டர் துண்டுத்தாளைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு நாள் விட்டுச் சனிக்கிழமை போய்க் குடுங்கன்னு அன்னைக்கே சொன்னேனே. சீட்டுலயும் சனிக்கிழமைன்னுதானே இருந்துச்சு."

"காதுல விழலைங்க. நான் சுவத்தைப் பாத்து நின்னுக்கிட்டிருந்தேன். எங்க சாமியார் சொல்லித்தான் இப்பத் திருத்திச் சொல்லப் போனேன்."

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நாளைக்குச் சாயங்காலம் ரிசல்ட்டோடு வாருங்கள் என்றார்.

மாப்பிள்ளையிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரிடம், தறிச் சத்தம் இருக்கிற தைரியத்தில் கத்திச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குத் தெரியும் மாமா. டாக்டர் ரூமை விட்டு நீங்க வெளிய வந்த நடையைப் பாத்தப்பவே தெரியும்."

"ஏன் மாப்ள, அப்ப லேப்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்களைப் பத்தி உங்க முன்னாடியே அதை எப்படி மாமா சொல்றது? மரியாதையா இருக்குமா?"

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தே என்னைக் கத்தி வரைக்கும் கொண்டுபோயிருக்கிறோம். என் மனைவி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல" என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லேப்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். சீட்டை என் கையில் கொடுக்காமல் மாப்பிள்ளையிடம் கொடுத்தார். மாப்பிள்ளை படித்தார். இருக்க வேண்டிய அளவுக்குள்ளேயே இருந்தது. மாப்பிள்ளை இரண்டாம் தடவை படித்தார். அப்புறம் எனக்கு விரலால் தொட்டுக் காட்டினார்.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து இரண்டாவது வரியைப் பேனாவால் அடித்தார். ஒரே கோடு. பக்கத்தில் தன் கையெழுத்தைச் சின்னதாகப் போட்டார். என் வாழ்நாளில் எத்தனையோ நல்ல காரியம் பார்த்திருக்கிறேன். மகள்கள் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேனாக் கோட்டைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் தனி.

ஆனால் டாக்டர் விரலை உயர்த்தினார். "இதோட முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. ரத்தம் நல்லா இருந்தும் உள்ள புத்து இருக்கிறது உண்டு. சுரப்பியை எடுத்து, அந்தச் சதையைச் சீவி, கண்ணாடியில வச்சுப் பாக்கணும். சதை சொல்றதுதான் தீர்ப்பு. கெட்டதுன்னு வந்தா அந்த ரெண்டாவதை அப்புறம் பேசுவோம்."

புதன்கிழமை முதுகில் ஊசி போட்டு அடிவயிற்றைத் திறந்து எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தது, காது மட்டும் கேட்டது. கத்திரி விழுகிற சத்தத்தோடு சத்தமாக நூற்றைம்பத்து மூன்று மணி செபமாலையும் சொல்லி முடித்தேன். இந்தத் தடவை எங்கேயும் மறக்கவில்லை.

அப்போதெல்லாம் எடுத்த சதையைச் சோதனைக்கு நோயாளியின் ஆட்கள்தான் கொண்டுபோக வேண்டும். மருந்துத் தண்ணீர் ஊற்றின அகல வாய்ப் பாட்டிலில் போட்டு மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் அதை ஒயர்க் கூடையில் வைத்து, சாயாமல் மடியில் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனார். திரும்பி வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமா, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் பாட்டிலைப் பாத்துட்டு, எலுமிச்சங்கா ஊறுகாயா தம்பின்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க மாமாவோடதுங்க, யாருக்கும் தர்றதில்லைன்னேன்."

சிரித்துத் தையல் பிரிந்துவிடும் போல ஆகிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் மாப்ள, வேண்டாம்" என்றேன். மாமனாரும் மாப்பிள்ளையும் அப்படிச் சிரித்ததை நர்சம்மா வந்து அதட்டித்தான் நிறுத்தினார்.

எட்டு நாள் காத்திருந்தோம். ஆபரேஷனில் சொருகிவிட்டிருந்த மூத்திரக் குழாயை எடுத்தபின், பல வருஷமாக இல்லாத மாதிரி தாரை தாரையாகப் போனது. அதற்கே நான் ஸ்தோத்திரம் சொன்னேன். ஆனாலும் ஒவ்வொரு நாளும் காலடிச் சத்தம் கேட்டால் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் மாப்பிள்ளை ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, பழுப்புக் கவரோடு வந்தார். பிரிக்கவில்லை. டாக்டர்தான் பிரித்தார்.

"பெனைன்" என்றார்.

என் மனைவி, "அப்படின்னா?" என்றாள்.

"நல்ல கட்டிம்மா. புத்து இல்ல. வயசுல வர்ற வீக்கம்தான். நாலஞ்சு இடத்துல சீவிப் பாத்திருக்காங்க, எங்கயும் இல்ல. ஒரு பக்கம் கெட்டியா எனக்குத் தட்டுப்பட்டது எப்பவோ சீழ் பிடிச்சு ஆறின தழும்பு."

"கட்டியில என்ன நல்ல கட்டி" என்று முணுமுணுத்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். அவள் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் வேறு மதத்துக்காரர். "என்னை விடுங்க, உங்க சாமியாரைப் போய்ப் பாருங்க" என்றார்.

எழுத்து இத்தனை வருஷம் தள்ளிப்போனதற்கு அந்த இன்னொரு காரணம் இதற்கப்புறம்தான் வருகிறது. நான் வீடு திரும்பியபின் மாதாவுக்கு வாராவாரம் நடக்கிற நவநாள் செபத்தில், செபம் நடத்துகிற அம்மா எல்லார் முன்னாலும் எழுந்து, நம்ம பங்கில் ஒரு அண்ணனுக்கு வந்த புற்றுநோய் செபத்தால் கரைந்துபோயிற்று என்று சாட்சி சொன்னார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எழுந்து 'அப்படி இல்லம்மா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் விரல் கதையிலிருந்து சொல்ல வேண்டுமே. மறுபடியும் வெட்கம், மறுபடியும் பேசாமல் இருந்தேன். ஊர் முழுக்க அந்தக் கதை பரவியது.

ஐந்தாறு வருஷம் கழித்து திருவாதவூர்ப் பக்கத்திலிருந்து என் வயது விவசாயி ஒருவர் மேலூர் வந்து பஸ் மாறி என்னைத் தேடி வந்தார். ஒன்றுக்குப் போக முடியாமல் நடையே கோணிப்போயிருந்தது. டாக்டர் வரச்சொல்லியும் அவர் போகவில்லை. "அண்ணே, என்ன நவநாள் செஞ்சீக, எம்புட்டு நாள் செஞ்சீக, அதைச் சொல்லுங்க. கத்தி இல்லாமக் கரைஞ்சிருச்சாம்ல" என்றார்.

அப்போதுதான் நான் பேசாமல் இருந்ததன் கனம் எனக்குத் தெரிந்தது. அவரை உட்காரவைத்து விரலிலிருந்து ஊறுகாய்ப் பாட்டில் வரைக்கும் எல்லாம் சொன்னேன். எனக்குப் புற்று வரவே இல்லை, வராதது எப்படிக் கரையும் என்றேன். மாதா எனக்குச் செய்த உபகாரம், பொய் சொன்ன இடத்துக்கே என்னைத் திருப்பி அனுப்பியது. அதைவிடப் பெரிய அற்புதம், எங்கள் பேச்சில் புதுமை, எனக்குத் தேவைப்படவில்லை. மறுநாள் நானே அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆபரேஷன் முடிந்து அவருடைய சதையும் நல்ல சதை என்றுதான் வந்தது. வயலில் அறுப்பு முடிந்ததும் ஒரு மூட்டை நெல்லோடு வந்து நின்றார்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு என் வேண்டுதல். வயது ஏறி மூத்திரம் சிரமப்படுகிற ஆம்பளைகள் உங்கள் வீட்டில் இருப்பார்கள், பக்கத்து வீட்டில் இருப்பார்கள். அவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். கேட்க நன்றாக இருக்கட்டும் என்று ஒரு புதுமையைச் சேர்த்துவிட வேண்டாம். கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று விரலையும் என் பொய்யையும் எடுத்துவிடவும் வேண்டாம். எழுதியிருக்கிறபடியே கொடுங்கள்.